குருதியழுத்தமும் நம் இதயமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு, மலருக்கென எழுதித் தரப்பட்டது)

 

ஆண்டு விழா மேடையில் வள்ளுவரையும் கம்பரையும் இளங்கோவடிகளையும் பற்றிக் கேட்டு மகிழ்வதே நம் சங்கத்தின் மரபு. அம்மரபுக்கு நடுவே, நோயைப் பற்றிப் பேசுமாறு ஒரு மருத்துவனை மேடையேற்றிவிட்டார் நம் செயலாளர். திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி கேட்கிறது. நாட்டியத்திற்குக் காத்திருக்கும் சிறுமியர் எம் பேச்சு எப்போது முடியும் என்று எட்டிப் பார்ப்பதும் தெரிகிறது. ஆயினும், எமக்குத் தந்த பொழுதை முழுமையாக எடுத்துக்கொள்வதாகவே உள்ளோம். சென்ற ஆண்டுகளில் இவ்வரங்கின் முன்வரிசையில் அமர்ந்திருந்தோர் சிலர் இன்று நம்மிடையே இல்லை. அவர்களுள் மாரடைப்பால் மறைந்தோர் எத்தனை பேர் என்பதை எம்மைவிட நீங்களே நன்கு அறிவீர்கள்.

ஊரை விட்டு இம்மும்பை மாநகருக்கு வந்த நம் தலைமுறையினர்க்கு ஒரு பழக்கம் இருந்தது. ஊருக்கு எழுதும் அஞ்சலட்டையை 'இங்கு யாவரும் நலம்' என்றே தொடங்குவோம். மூன்று நாள் காய்ச்சலில் படுத்திருந்தாலும் அப்படித்தான் எழுதுவோம். வேலை போயிருந்தாலும் அப்படித்தான் எழுதுவோம். அன்னை அங்கே கலங்கக் கூடாதென்பதே காரணம். நம் உடலும் சில நோய்களில் நமக்கு இவ்வாறே எழுதுகிறது. உள்ளே சுவர்கள் தடித்துக்கொண்டும் குழாய்கள் குறுகிக்கொண்டும் இருக்கையில், 'இங்கு யாவரும் நலம்' என்று பத்தாண்டு, பதினைந்தாண்டு காலம் எழுதிக்கொண்டே இருக்கிறது. அத்தகைய நோய்களுள் தலையாயது குருதியழுத்த மிகுதி.

நம் மக்கள் இதற்கு 'இரத்தக் கொதிப்பு' என்று பெயரிட்டிருக்கின்றனர். கேட்டவுடன் பொருள் விளங்கும் அழகிய சொல்தான். ஆனால் அச்சொல்லைப் போல நமக்குத் தீங்கு செய்த சொல் வேறொன்று இல்லை என்பது எம் கருத்து. கொதிப்பு என்றவுடன் சினம் நினைவுக்கு வருகிறது. முகம் சிவந்து, பல்லைக் கடித்து, வேலையாளைத் திட்டுபவர்க்கே இந்நோய் வரும் என்று எண்ணிக்கொள்கிறோம். ஆங்கிலம் பயின்றோர் வழங்கும் 'ஹைப்பர்டென்ஷன்' என்னும் சொல்லும் இதே தவற்றைத்தான் செய்கிறது. அதில் 'டென்ஷன்' இருப்பதால், மனக்கவலை இல்லாதவர்க்கு இந்நோய் இல்லை என்று பலர் துணிந்துவிட்டனர். சினமும் கவலையும் அப்போதைக்கு அழுத்தத்தை ஏற்றும் என்பது உண்மையே. ஆயினும் கோபமே அறியாத சாந்த சொரூபிக்கும் இந்நோய் வரும். வந்திருப்பதை அவரே அறியார்.

அத்தகைய ஒருவரை யாம் அறிவோம். அவர் எம் நண்பர், பெயர் வேண்டா. இளமையில் தட்டெழுத்துச் சான்றிதழ் ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு இந்நகருக்கு வந்தவர். கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் கடைசிவரை ஒரே மேசையில் பணியாற்றியவர். உரத்துப் பேசி யாம் கேட்டதில்லை. நம் சங்கத்தின் கணக்குகளைச் சில ஆண்டுகள் எழுதியவர். ஒரு காசு பிசகியதில்லை. 1998-ஆம் ஆண்டில், கண்ணாடி மாற்றுவது குறித்துக் கேட்க எம் மருத்துவ அறைக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 46. வந்தவரைச் சும்மா அனுப்புவானேன் என்று கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தோம். மேல் எண் 174, கீழ் எண் 108. மீண்டும் பார்த்தோம், அடுத்த வாரமும் வரச்சொல்லிப் பார்த்தோம். எண்கள் இறங்கவில்லை. மாத்திரை எழுதித் தந்தோம். மூன்று மாதத்தில் 138-க்கு இறங்கியது. எமக்கு மிக்க மகிழ்ச்சி. விடைகொடுக்கும்போது, எந்நாளும் எல்லோர்க்கும் சொல்லும் ஒரு வாக்கியத்தை அவர்க்கும் சொன்னோம்: "ஏதேனும் தொந்தரவு இருந்தால் வாருங்கள்."

அவரை அங்கே நிறுத்திவிட்டு, அந்த எண்கள் எதைக் குறிக்கின்றன என்பதைச் சிறிது பார்ப்போம்.

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், கீழ்த்தொட்டியிலிருந்து மாடித்தொட்டிக்கு நீரேற்ற ஒரு பம்பு இருக்கும். இதயமும் அத்தகைய பம்பே. நிமிடத்திற்கு ஏறக்குறைய 70 முறை அது சுருங்கி விரிகிறது. ஒரு நாளில் அது ஒரு லட்சம் துடிப்பாகிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 5 லிட்டர், ஒரு நாளில் 7,000 லிட்டருக்கு மேல் குருதியை அது தள்ளுகிறது. சுருங்கும்போது தமனிகளின் சுவரில் விழும் அழுத்தம் மேல் எண். அடுத்த சுருக்கத்திற்கு முன் ஓய்ந்திருக்கும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். பாதரசத் தம்பம் எத்தனை மில்லிமீட்டர் உயர்கிறது என்பதே அளவு. 120-க்கு 80 என்பதை நலமான அளவு என்கிறோம். ஓய்வாக அமர்ந்து, வெவ்வேறு நாட்களில் பார்த்தபோதும் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் இருப்பின் மிகுதி என்கிறோம். அமெரிக்க மருத்துவர்கள் 2017-ஆம் ஆண்டில் இவ்வரம்பை 130-க்கு 80 என இறக்கிக்கொண்டனர். நம் நாட்டில் பெரும்பாலோர் 140-க்கு 90 என்பதையே கொள்கின்றனர்.

ஊர்க்குழாய்கள் துருவேறிக் குறுகிவிட்டால் பம்பு என்ன செய்யும்? முன்னிலும் பெருமுயற்சி எடுக்கும். இதயத்தின் இடக் கீழறை அவ்வாறு முயன்று முயன்று, மூட்டை தூக்குவோர் தோள்போலத் தடித்துவிடுகிறது. தோள் தடித்தால் வலிமை. இதயம் தடித்தாலோ வலிமை அன்று. இதயத் தசை, தான் தள்ளும் குருதியிலிருந்து நேரே உணவு கொள்வதில்லை. அதற்கெனத் தனித் தமனிகள் உண்டு. அவற்றில் குருதி பெரும்பாலும் பாய்வது இதயம் ஓய்ந்து விரியும் அந்த நொடிப்பொழுதில்தான். தடித்த தசைக்கு உணவு அதிகம் வேண்டும். ஆனால் அது முன்போல் இலகுவாக விரிவதில்லை. தேவை மிகுந்தது, வரவு குறைந்தது. நம் மாதச் சம்பளத்திற்கும் வீட்டு வாடகைக்கும் உள்ள உறவைப் போன்றது அது.

மற்றொரு தீங்கும் உடன் நிகழ்கிறது. ஓயாத அழுத்தத்தால் தமனியின் உட்புறத் தோல் பழுதுபடுகிறது. பழுதுபட்ட இடத்தில் கொழுப்பு படிகிறது. சுண்ணாம்பும் சேர்ந்து மேடாகிறது. என்றேனும் ஒரு நாள் அம்மேடு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து வழியை அடைத்துவிட்டால், அதுவே மாரடைப்பு. அதே அடைப்போ கசிவோ மூளையில் நிகழ்ந்தால் பக்கவாதம். சிறுநீரகமும் விழித்திரையும் இதே வழியில் சிதைகின்றன. இவற்றுள் ஒன்றும் ஒரு நாளில் நிகழ்வதன்று. மாரடைப்பு வந்த நாளையே நாம் நோயின் முதல் நாளாகக் கொள்கிறோம். உண்மையில் அது பல ஆண்டுக் கதையின் பிற்பகுதி.

இவ்வுண்மை மருத்துவ உலகுக்கே நேற்றுத் தெரிந்ததுதான் என்றால் வியப்படைவீர்கள். அழுத்தத்தை முதன்முதல் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். ஒரு பெட்டைக் குதிரையின் தமனியில் குழாயைச் செருகி, அதனுடன் நெடிய கண்ணாடிக் குழாயை இணைத்தார். குருதி அதில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733-இல் இதை நூலாக வெளியிட்டார். குதிரைக்குச் செய்ததை மனிதர்க்குச் செய்ய இயலுமா? கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலிய மருத்துவர் ரிவா ரோச்சி 1896-இல் தந்தார். பட்டைக்குக் கீழே குழல் வைத்து ஒலி கேட்டு இரு எண்களையும் அறியும் முறையை உருசிய மருத்துவர் கொரோட்காவ் 1905-இல் தந்தார். ஆக, அளக்கத் தெரிந்துவிட்டது. அளந்ததை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வரலாறு இதற்குச் சான்று. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டு மார்ச்சில், ஹோவர்டு புரூயென் என்னும் இதய மருத்துவர் அவரைச் சோதித்தார். அழுத்தம் 186-க்கு 108; இதயம் பருத்துத் தளர்ந்திருந்தது. இலைமருந்து ஒன்றும், உப்புக் குறைப்பும், ஓய்வுமே அன்று தர முடிந்தவை. அழுத்தத்தைக் குறைக்க நல்ல மருந்து ஒன்றும் இல்லை. அதனினும் வியப்பு, குறைக்கவே கூடாது என்று கருதிய மருத்துவரும் அன்று பலர் இருந்தனர் என்பது. குறுகிய குழாய்களில் குருதியைச் செலுத்த உடலே வேண்டி ஏற்றிக்கொண்ட அழுத்தம் அது என்பது அவர்கள் வாதம். தலைவர் நலமாக உள்ளார் என்றே நாட்டுக்கு அறிவிக்கப்பட்டு வந்தது. அதுவும் ஓர் 'இங்கு யாவரும் நலம்'தான். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் சர்ச்சிலோடும் ஸ்டாலினோடும் அமர்ந்து உலகின் எல்லைகளைப் பேசினார். ஏப்ரல் 12-இல், ஓவியர் ஒருவர் உருவம் தீட்ட அமர்ந்திருக்கையில், தலை வலிக்கிறது என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது அளந்த மேல் எண் 300. மூளையில் குருதி கசிந்து அன்றே இறந்தார், வயது 63. உலகிலேயே வல்லமை மிக்க மனிதர்க்கு அன்று கிட்டாத மருந்து இன்று நம் தெருமுனைக் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அவர் மறைந்து மூன்றாண்டுகள் கழித்து, 1948-இல், அமெரிக்க நாட்டின் பிராமிங்காம் என்னும் சிற்றூரில் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதித்து, யாருக்கு இதய நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று காத்திருந்து பார்த்தனர். மருத்துவத்தில் இதற்கு நிகரான பொறுமை அரிது. 1961-இல் அவ்வாய்வினர் வெளியிட்ட கட்டுரையில்தான் 'ஆபத்துக் காரணி' என்னும் கருத்து ஊன்றப்பட்டது. அக்காரணிகளுள் ஒன்று குருதியழுத்தம். வயதோடு நூறைக் கூட்டினால் வருவதே முறையான அழுத்தம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அக்கால மருத்துவரும் சொன்னார்கள். அறுபது வயதினர்க்கு 160 தகும் என்பது அக்கணக்கு. அக்கணக்கைப் பொய்யாக்கியது பிராமிங்காம். தலை நரைப்பது போல அழுத்தம் ஏறுவதும் இயல்பே என்று இருந்துவிடலாகாது.

பின்னாளில், 2002-ஆம் ஆண்டில், 61 ஆய்வுகளைச் சேர்ந்த ஏறக்குறைய பத்து லட்சம் பேரின் விவரங்களை ஒன்றுகூட்டிக் கணக்கிட்டனர். நாற்பது முதல் எழுபது வயதுக்கு உட்பட்டோர்க்கு, 115-க்கு 75 என்னும் அளவிலிருந்து மேல் எண் ஒவ்வொரு இருபது ஏறும்போதும் மாரடைப்பாலும் பக்கவாதத்தாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது என்று கண்டனர். 135-இல் இரு மடங்கு. 155-இல் நான்கு மடங்கு. 175-இல் எட்டு மடங்கு. எம் நண்பரின் எண் 174 என்று சொன்னோம் அல்லவா?

மருந்துகள் வந்த கதையில் நம் நாட்டிற்கும், சிறப்பாக இந்நகருக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. சர்ப்பகந்தா என்னும் செடியின் வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக வழங்கி வந்தனர். 1931-இல் கல்கத்தாவைச் சேர்ந்த இருவர், அவ்வேர் அழுத்தத்தைக் குறைப்பதாக எழுதினர். உலகம் செவிசாய்க்கவில்லை. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல், தாம் பார்த்த நோயாளர் ஐம்பதின்மரின் விவரங்களை 1949-இல் இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே மேலைநாட்டார் விழித்தனர். 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்பின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தனர். வகீலுக்கு 1957-இல் லாஸ்கர் பரிசு கிடைத்தது. அம்மருந்து சிலர்க்கு மனச்சோர்வு தந்தமையால் இன்று அருகிவிட்டது. எனினும் அழுத்தத்தை மருந்தால் இறக்க முடியும் என்று உலகுக்குத் துணிவு தந்தவற்றுள் அது ஒன்று. பாம்பின் பெயர் கொண்ட வேருக்குப் பின், பாம்பின் நஞ்சே மருந்துக்கு வழிகாட்டியது. பிரேசில் நாட்டு விரியனின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது கேப்டோபிரில் என்னும் மருந்து. அது அமெரிக்காவில் 1981-இல் விற்பனைக்கு இசைவு பெற்றது.

மருந்து உண்மையிலேயே உயிர் காக்கிறதா என்ற ஐயத்தை நீக்கியவர் எட்வர்ட் பிரைஸ் என்னும் அமெரிக்க மருத்துவர். அழுத்தம் மிக உயர்ந்திருந்த 143 ஆடவர்களில் ஒரு பாதியினர்க்கு மருந்தும், மறுபாதியினர்க்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் தந்தனர். 1967-இல் முடிவு வெளியாயிற்று. வெறும் மாத்திரை உண்டவர்களில் 27 பேர்க்குக் கொடிய விளைவுகள். மருந்து உண்டவர்களில் இருவர்க்கே. மேல் எண்ணை ஐந்து குறைத்தாலே இதய, இரத்தக்குழாய் நோய்களின் பெருந்தாக்குதல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று 2021-இல் வந்த பெருந்தொகுப்பு ஆய்வும் கூறுகிறது. ஐந்து என்பது சிறிய எண். எனினும் இதை இகழாதீர்கள்.

இனி எம் நண்பரிடம் திரும்புவோம்.

2005-ஆம் ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு நள்ளிரவு. அவர்தம் துணைவியார் தொலைபேசியில் அழைத்தார். படுக்க முடியவில்லை, எழுந்து சன்னலருகே அமர்ந்தால்தான் மூச்சு வருகிறது என்றார். யாம் சென்றபோது சன்னல் கம்பியைப் பிடித்தபடி அமர்ந்திருந்தார். அழுத்தம் 210-க்கு 120. மருத்துவமனையில் எடுத்த படங்கள், இதயம் தடித்துப் பின் தளர்ந்திருப்பதையும், அவர் அறியாமலே ஒரு மாரடைப்பு முன்பே வந்து போயிருப்பதையும் காட்டின. இரு நாள் கழித்து, சற்றுத் தெளிந்திருந்த வேளையில், மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். அந்த முதல் ஆண்டிலேயே நிறுத்திவிட்டாராம். ஊருக்கு ஒரு மாத விடுமுறையில் போனபோது மாத்திரை தீர்ந்தது. அங்கே வாங்க வேண்டிய அவசியமும் தோன்றவில்லை. திரும்பி வந்தபின் நினைவும் வரவில்லை. ஏன் எம்மிடம் வரவில்லை என்று கேட்டோம். எப்போதும் போல மெல்லிய குரலில் சொன்னார்: "தொந்தரவு ஒன்றும் இல்லையே, டாக்டர். இருந்தால் வாருங்கள் என்றுதானே சொன்னீர்கள்?"

அதில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. கணக்கைச் சரிபார்ப்பவர் போல, எழுதியிருந்ததை எடுத்துப் படித்துக் காட்டினார், அவ்வளவே. அதன்பின் நான்காண்டுகள் வாழ்ந்தார். மாடிப்படி ஏற முடியாமல், சங்கத்திற்கு வர முடியாமல், வாசலில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்தார். எம் தொழிலில் யாம் செய்த பிழைகளை எண்ணிப் பார்க்கும்போது, தவறாகக் கணித்த நோயோ தவறாக எழுதிய மருந்தோ முதலில் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஒரு வாக்கியமே நினைவுக்கு வருகிறது. தொந்தரவே தராத நோய்க்கு, தொந்தரவு இருந்தால் வா என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம்! அன்று முதல் எம் மருந்துச் சீட்டின் அடியில், அடுத்து வரவேண்டிய நாளை எழுதுகிறோம். நலமாக இருந்தாலும் வரவேண்டும் என்றும் எழுதுகிறோம்.

நம்மைப் போல் ஊர்விட்டு வந்தோர்க்கு இதில் தனிச் சிக்கல்கள் சில உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போகிறோம். பெட்டியில் எல்லார்க்கும் துணிமணி இருக்கும், மாத்திரை இராது. ஒரே மருந்து இங்கே ஒரு வணிகப் பெயரிலும் அங்கே வேறொரு பெயரிலும் விற்கப்படுவதால் கடைக்காரர் இல்லை என்றும் சொல்லக்கூடும். ஆகவே வணிகப் பெயரை மட்டும் நினைவில் வையாது, அம்லோடிபின், டெல்மிசார்ட்டான் என்றாற்போன்ற மருந்தின் மூலப்பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையால் கால் வீங்கினாலோ, வறட்டு இருமல் வந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்துகள் உள்ளன. சொன்னால் மாற்றித் தருவோம். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் மாத்திரைகள் பலவும் அழுத்தத்தை ஏற்றுவன என்பதையும் தாய்மார்கள் கருத்தில் கொள்க.

அடுத்து உப்பு. இங்கேதான் எமக்கும் இவ்வவைக்கும் பூசல் விளையும். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சாடி மாவடு, ஒரு பொட்டலம் மோர்மிளகாய், வடகம், கருவாடு, கட்டுக்கட்டாய் அப்பளம். ஊரை விட்டு வந்த நமக்கு அவை வெறும் உணவல்ல. ஊரே நடந்து வந்து சமையலறையில் அமர்ந்தது போல. எமக்கும் அப்படித்தான். ஆனால் அவை அனைத்தும் உப்பால் காக்கப்படுவன. அப்பளத்திலோ உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியமே, நாவுக்குக் கரிக்காது, குருதிக்குத் தெரியும். ஒரு நாளைக்கு ஒருவர்க்கு 5 கிராமுக்கும் குறைந்த உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது ஒரு சிறு தேக்கரண்டி அளவு. நம் நாட்டினர் அதைவிடப் பெரிதும் மிகுதியாக உண்கின்றனர். வால்ட்டர் கெம்ப்னர் என்னும் மருத்துவர், நல்ல மருந்துகள் இல்லாத 1940-களில், உப்பில்லாச் சோறும் பழமும் சர்க்கரையும் மட்டுமே கொடுத்து, மிகக் கொடிய அழுத்தத்தையும் சிலர்க்கு இறக்கிக் காட்டினார். சோறு நல்லதென்று நண்பர்கள் மகிழ வேண்டா. அவர் சொன்னது உப்பில்லாத சோறு. சாம்பாரும் இல்லை, இரசமும் இல்லை, ஊறுகாயும் இல்லை. நோயாளர் அதைப் பொறுக்க மாட்டாமல் திண்டாடினர். அவ்வளவு துறவு இன்று எவர்க்கும் வேண்டியதில்லை. இலையில் உப்பு வைப்பதை விடுங்கள்; தயிர்ச்சோற்றில் உப்பைக் குறையுங்கள்; ஊறுகாயை நாள்தோறும் என்பதிலிருந்து விருந்தாளி வரும் நாளுக்கு மாற்றுங்கள். நா இரு மாதங்களில் பழகிவிடும். கீரையும் பழமும் மிகுதியாகக் கொள்வது நன்று. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக் கொள்க.

புகையிலை, மது, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கேட்டுக் கேட்டு அலுத்திருப்பீர்கள். யாமும் அலுக்கவைக்க விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்வோம். இக்காரணிகள் ஒன்றோடொன்று கூடுவதில்லை, பெருக்கிக்கொள்கின்றன. 52 நாடுகளில் நடந்து 2004-இல் வெளிவந்த பேராய்வு, முதல் மாரடைப்பின் ஆபத்தில் பத்தில் ஒன்பது பங்கை ஒன்பதே காரணிகளால் விளக்க முடியும் என்றது. தெற்காசியர்க்கு முதல் மாரடைப்பு ஏனையோர்க்கு ஆறாண்டு முன்னதாக, ஐம்பத்து மூன்றை ஒட்டிய வயதிலேயே வருகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. நீரிழிவும் உடனிருப்போர் இருமடங்கு விழிப்பாக இருத்தல் வேண்டும். கருவுற்ற காலத்தில் அழுத்தம் ஏறியிருந்த பெண்டிர், மகப்பேற்றோடு அது தீர்ந்தது என்று மறந்துவிடலாகாது. அவர்கட்குப் பின்னாளில் இதய நோய் வரும் வாய்ப்பு மிகுதி.

நம் நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆடவரில் 24 விழுக்காட்டினர்க்கும் பெண்டிரில் 21 விழுக்காட்டினர்க்கும் குருதியழுத்த மிகுதி உள்ளது. மருந்துண்டு கட்டுப்படுத்தி வருவோரும் இதில் அடக்கம். இவ்வரங்கில் ஒரு வரிசைக்குப் பத்து நாற்காலி. உங்கள் வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இருவர்க்கோ மூவர்க்கோ இருக்கும். அவர்கள் யார் என்பது முகத்தில் எழுதியிருக்கவில்லை.

அளந்தால்தான் தெரியும் என்பதால், அளக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். ஓடி வந்தவுடன் அளப்பது பயனற்றது. முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டும். கை இதயத்தின் உயரத்தில் ஒரு மேசைமேல் கிடக்க வேண்டும். பட்டை, சட்டைக் கையின்மேல் அன்று, வெறும் தோலின்மேல் சுற்றப்பட வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இருமுறை பார்க்க வேண்டும். ஒரு நாள் எண் மிகுந்ததென்று கலங்கவும் வேண்டா. ஒரு நாள் குறைந்ததென்று மாத்திரையை வீசவும் வேண்டா. மருத்துவரைக் கண்டதும் எண் ஏறுவோர் உண்டு; அவர்கள் வீட்டில் பார்த்து எழுதி வந்தால் எமக்கு உதவியாயிருக்கும்.

அரங்கின் பின்புறம், நூல் விற்பனை மேசைக்கு அடுத்து, நம் சங்கத்து இளைஞர் நால்வர் இரண்டு கருவிகளோடு அமர்ந்திருக்கின்றனர். காலை முழுவதும் அவர்கட்குப் பயிற்சி தந்துள்ளோம். எண்ணை ஒரு சீட்டில் எழுதித் தருவார்கள்; அடுத்து எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுவார்கள். எம் நண்பரின் மகன் அந்நால்வரில் ஒருவர். நாட்டியம் முடிந்ததும் தேநீர் வழங்கப்படும் என்று அறிவித்திருக்கிறார்கள். தேநீர் அருந்தினால் அரைமணி நேரம் கழித்தே அளக்க முடியும். ஆகவே முதலில் அங்கே சென்று, பின்னர்த் தேநீருக்கு வாருங்கள். சிறுமியர் மிகவும் பொறுமையாகக் காத்திருந்தனர். மேடை இனி அவர்களுடையது.